அவசரம்! பாங்க் ஃபைலை ஏத்தின பிறகு அம்மான்ர கணக்கில மிச்சம் பிழையாக் காட்டுது

கோண்டாவில்_மகள்:
வணக்கம். அம்மான்ர பாங்க் கணக்கை கொம்பியூட்டரில எழுதி வாறன். நேற்றுப் பின்னேரம் பாங்கின்ர ஃபைலை உள்ளுக்கு ஏத்தின பிறகு மிச்சம் எக்கச்சக்கமாக் கூடிட்டுது. புத்தகத்தில 86,450 ரூபா, இதில 213,120 எண்டு நிக்குது. நான் திறக்காத ஒரு கணக்கும் தன்ரபாட்டில வந்திருக்கு. வெளியில இருக்கிற அண்ணாமார் அனுப்புற காசு இது. ஞாயிற்றுக்கிழமை கோல் எடுப்பினம், அதுக்குள்ள நான் கணக்குக் காட்டோணும். தெரிஞ்சாக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

சங்கானைத்தம்பி:
என்ன சொஃப்ட்வெயார் அக்கா? விண்டோசோ லினக்சோ? பாங்க் ஃபைல் எண்டா பிடிஎஃப்போ, காற்புள்ளி போட்டுப் பிரிச்ச சிஎஸ்வியோ?

வடமராட்சி_அலை:
வெளிநாட்டுக் காசு எண்டுறீங்கள், அப்ப இது றேற் பிரச்சினைதான். 2022 மார்ச்சில ரூபாயை மிதக்க விட்ட நேரம் எனக்கும் இதே கதை. டொலர் 200 சொச்சத்தில நிண்டது, மே மாதம் 360 அளவுக்குப் போட்டுது. நான் பழைய றேற்றை மாத்தாமல் விட்டதால கணக்கு முழுக்கக் குழம்பிப் போச்சு. விலைப் பட்டியலில என்ன றேற் கிடக்கெண்டு பாருங்கோ.

சங்கானைத்தம்பி:
றேற் பிழையெண்டா மிச்சம் இப்பிடி ஒரே நாளில ஏறாதே அண்ணை? ஏத்தின பிறகுதான் கூடினதெண்டு எழுதியிருக்கிறா.

பேரேடு:
தங்கச்சி, மென்பொருளின்ர பேரைக்கூடப் போடாமல் உதவி கேட்டால் நாங்கள் சாத்திரமோ பார்க்கிறது? முப்பது வருசமாக் கணக்கீடு படிப்பிச்சவன் சொல்லுறன், உங்கட பிழை, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் ரெண்டு கணக்கில எழுதுற இரட்டைப் பதிவு விளங்காததுதான். பாங்க் அறிக்கையில டெபிற் எண்டு இருக்கிறது பாங்கின்ர கண்ணால பார்த்தது. உங்கட காசு அவைக்குக் கடன். அவையின்ர டெபிற் உங்கட புத்தகத்தில கிறெடிற். நீங்கள் ரெண்டு நிரலையும் மாறிக் குடுத்திருப்பீங்கள். ஓ.எல் வகுப்புக் கணக்கீட்டுப் புத்தகத்தை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.

கோண்டாவில்_மகள்:
மன்னிக்கோணும், அம்மாவைக் குளிக்க வார்த்துப்போட்டு இப்பதான் வந்தனான். க்னூகாஷ் 5 எண்ட கணக்கு மென்பொருள், விண்டோஸ். ஃபைல் சிஎஸ்வி. கணக்கு ரூபாக் கணக்கு, அண்ணா கனடா டொலரில அனுப்பினாலும் பாங்கில ரூபாயாத்தான் விழும். நிரல் மாறேல்லை ஐயா, அண்ணான்ர காசு டெபொசிற் பக்கம்தான் வந்திருக்கு. தானா வந்த கணக்கின்ர பேர் இம்பலன்ஸ்-எல்கேஆர், எல்கேஆர் எண்டா இலங்கை ரூபா.

மதுரைவாசி:
சகோதரி, பயப்படாதீங்க. பணம் எங்கிருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு காட்டற எதிர்க்கணக்கு என்னன்னு சொல்லாம விட்ட பதிவெல்லாம் அந்த இம்பலன்ஸ் கணக்குலதான் போய் விழும். அதைத் திறந்து ஒவ்வொண்ணா சரியான கணக்குக்கு மாத்தணும். செலவா இருந்தா செலவுக் கணக்கைப் பற்று வைங்க, வங்கிக் கணக்கை வரவு வைங்க. அவ்வளவுதான்.

கோண்டாவில்_மகள்:
நீங்கள் சொன்ன மாதிரியே பிசியோ பிள்ளைக்குக் குடுத்த 6,000 ஐ பாங்கில வரவு வைச்சுப் பாத்தன். இப்ப 219,120 காட்டுது! இன்னும் கூடிட்டுது. நான் என்ன பிழை விட்டனான்?

பேரேடு:
கூடத்தானே செய்யும். இலங்கைப் பாடப்புத்தகத்தில வரவு எண்டால் டெபிற், செலவு எண்டால் கிறெடிற். பாங்க் ஒரு சொத்து, அதில வரவு வைச்சால் ஏறும். மதுரைத் தம்பி கிறெடிற்றை வரவு எண்டுறார். இந்தப் பிள்ளை எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சது, தன்ர முறையில செய்திருக்கு. தெரியாத இடத்தில கலைச்சொல்லை அள்ளி வீசக்கூடாது.

மதுரைவாசி:
ஐயா, நான் எதையும் வீசல. தமிழ்நாட்டுல பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாத்துலயும் பற்று, வரவுதான். எங்க தாத்தாவோட பலசரக்குக் கடை நோட்டுல ஆளாளுக்கு ஒரு பக்கம் இருக்கும். அவர் எடுத்துட்டுப் போன சரக்கு பற்று, அவர் கொண்டுவந்து கொடுத்த பணம் வரவு. அதுல இருந்து வந்த சொல் இது. தப்பான சொல் இல்ல.

பேரேடு:
தப்பெண்டு சொல்லேல்லை. ஒரு கணக்குக்குள்ள வருறது வரவு, அதில இருந்து போறது செலவு. படிக்கிற பிள்ளைக்கு இது நேரா விளங்கும். உங்கட முறையில பாங்கில இருந்து காசு போனால் பாங்குக்கு வரவு எண்டு எழுதோணும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை எப்பிடி விளங்கப்படுத்துவீங்கள்?

பனங்கிழங்கு:
ஐயா சொல்லுறதிலயும் ஒரு சிக்கல் இருக்கு. செலவு எண்ட ஒரே சொல்லை கிறெடிற்றுக்கும் சொல்லுறம், கரண்ட் பில், மருந்து மாதிரிச் செலவினத்துக்கும் வாயால செலவு எண்டுதான் சொல்லுறம். "செலவுக் கணக்கை வரவு வை" எண்டு சேர் சொன்ன நாளில நான் வகுப்பில முழிச்சுக்கொண்டு நிண்டனான். பற்று எண்ட சொல்லில அந்தக் குழப்பமாவது இல்லை.

மதுரைவாசி:
அதேதான். பேலன்ஸ் ஷீட்டை நீங்க ஐந்தொகைங்கறீங்க, நாங்க இருப்புநிலைக் குறிப்புங்கறோம். அது வேற வேற சொல், அதனால யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆனா ஒரே சொல் கரைக்குக் கரை நேர் எதிரா இருந்தா ஆபத்து. சகோதரி, தப்பு என்னோடது. எந்த ஊர்னு கேட்டுட்டுச் சொல்லியிருக்கணும்.

மருதடி:
ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ, அந்தப் பிள்ளைக்கு ஞாயிறுதான் கெடு. க்னூகாஷில விருப்பத்தேர்வுகளுக்குள்ள முறையான கணக்கியல் தலைப்புகள் எண்டு ஒரு பெட்டி இருக்கு. அதில சரி போட்டிருந்தா எடுத்துவிடுங்கோ. பிறகு பாங்க் பக்கத்தில டெபொசிற், வித்ட்றோவல் எண்டுதான் வரும், வரவு செலவுச் சண்டை வேண்டாம்.

தங்கச்சி, எனக்கு மூண்டு விசயம் தெரியோணும். ஏத்த முதல் நீங்கள் கையால எழுதி வைச்சிருந்தனீங்களோ? ஃபைலில திகதி எப்பிடிக் கிடக்கு? ஏத்தேக்க சிவப்பா ஏதும் காட்டினதோ? பாங்க் பக்கத்தில இருக்கிற வரியளைத் திகதியோட அப்பிடியே இஞ்ச போடுங்கோ.

கோண்டாவில்_மகள்:
ஓம் அக்கா, யூலை தொடக்கம் செப்ரெம்பர் வரைக்கும் கையால எழுதினனான். எல்லாம் சரியோ எண்டு பாக்கத்தான் ஃபைலை ஏத்தினனான். அதில 05/07/2025 எண்ட மாதிரி இருக்கு. ஓம், கனக்கச் சிவப்பு வந்தது. திகதி முறையை மாத்தி மாத்திப் பாத்து எம்-டி-வை, அதாவது மாதம்-நாள்-ஆண்டு எண்டு வைக்க முதல் வரியள் கறுப்பாயிட்டுது. மிச்சத்துக்கு "பிழையான வரிகளைத் தாண்டு" எண்டு சரி போட்டனான்.

புதுசா வந்தது:
மார்ச் 7, 8, 9: அம்மாவைப் பாக்க வாற அக்காவுக்கு 10,000 படி
மே 7, 8, 9: அண்ணா 60,000 படி
ஒக்டோபர் 7, 8, 9: பிசியோ 6,000 படி
நவம்பர் 9: கரண்ட் 4,250

ஓகஸ்ட் 8 மருந்துக் காசு மட்டும் ஒருக்காத்தான் நிக்குது.

மருதடி:
பிடிச்சாச்சு. அண்ணா மே மாதம் மூண்டு நாள் அடுத்தடுத்து 60,000 அனுப்பினவரோ? இல்லைத்தானே. ஒவ்வொரு மாதமும் 5ம் திகதி அனுப்புறவர். 05/07, 05/08, 05/09 எண்டதை அது அமெரிக்க முறையில மாதத்தை முதல் வைச்சு வாசிச்சிருக்கு. அதால யூலை 5 மே 7 ஆச்சு. கரண்ட் பில் 11/09, இன்னும் வராத நவம்பருக்குப் போயிட்டுது.

12ம் திகதிக்குப் பிறகு நடந்த ஒண்டும் வந்திராது. 13ம் மாதம் எண்டு ஒண்டு இல்லையே, அதுகள்தான் சிவப்பு. நீங்கள் தாண்டச் சொல்லிட்டீங்கள்.

ஏன் இரட்டிச்சதெண்டா, ஏத்தேக்க க்னூகாஷ் தொகையையும் திகதியையும் பாத்து "இது ஏற்கெனவே இருக்கு" எண்டு பொருத்தும். திகதி மாதக்கணக்கில தள்ளி நிண்டதால பொருத்தேலாமல் புதுசாச் சேர்த்திட்டுது. 08/08 ஐ எந்தப் பக்கம் வாசிச்சாலும் ஓகஸ்ட் 8. அதுதான் மருந்துக் காசு தப்பினது.

கூட்டிப் பாருங்கோ. இரட்டிச்ச வைப்பு 180,000. இரட்டிச்ச எடுப்பு 30,000 உம் 18,000 உம் 4,250 உம், 52,250. கழிச்சா 127,750. ஆனா உங்கட வித்தியாசம் 126,670. இடையில 1,080 உதைக்குது. மாதக் கடைசியில பாங்க் போட்ட வட்டியை நீங்கள் எழுதேல்லைப் போல.

கோண்டாவில்_மகள்:
அக்கா!! புத்தகத்தில மாதம் 400 வட்டி, கீழ 40 கழிச்சிருக்கு. மூண்டு மாதம். நான் அதை எழுதவே இல்லை.

மருதடி:
அப்ப 360 மூண்டு தரம், 1,080. கணக்கு முடிஞ்சுது.

இப்ப ஒவ்வொண்டா அழிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ. உங்கட ஃபைல் இருக்கிற ஃபோல்டரைத் திறவுங்கோ. நீங்கள் சேவ் பண்ணுற ஒவ்வொரு தரமும் அது பழைய பிரதி ஒண்டை எடுத்து வைக்கும், பேருக்குப் பின்னால ஆண்டு, மாதம், நாள், நேரம் எண்டு 14 இலக்கம் இருக்கும். 20251014 எண்டு தொடங்கிறதுகளைத் திறந்து, பாங்க் மிச்சம் 85,370 (86,450 இல அந்த 1,080 ஐக் கழிச்சது) காட்டுறது எதெண்டு பாருங்கோ. அதுதான் ஏத்த முதல் இருந்தது. அதை வேற பேரில சேவ் பண்ணிப்போட்டு வேலையைத் தொடங்குங்கோ. லொக் எண்டு முடியிறதுகளைத் தொடாதேங்கோ.

சங்கானைத்தம்பி:
எஸ்க்யூலைட் எண்ட தரவுத்தள முறையில சேவ் பண்ணியிருந்தா அந்தப் பிரதி இருக்காதே அக்கா?

மருதடி:
ஓம், சரியான கேள்வி. மாத்தாமல் விட்டா எக்ஸ்எம்எல்தான், அதில இருக்கும். மாத்தினாக்கள் தாங்களே பிரதி எடுத்து வைக்கோணும்.

பிறகு திரும்ப ஏத்தேக்க டி-எம்-வை, அதாவது நாள்-மாதம்-ஆண்டு தெரிவு செய்யுங்கோ. ஒரு வரிகூடச் சிவப்பா இருக்கக்கூடாது, இருந்தா தாண்டாமல் நிப்பாட்டுங்கோ. அந்த அமைப்பை ஒரு பேர் குடுத்துச் சேமிச்சா அடுத்த மாதம் இந்தத் தொல்லை இல்லை. பொருத்துற பக்கம் வந்ததும் புதுசு எண்டு காட்டுறது வட்டியும் வரியும் போல நீங்கள் எழுதாமல் விட்டதுகள் மட்டும்தான் இருக்கோணும். அதுகளை இரண்டு தரம் தட்டி எதிர்க்கணக்கைக் குடுங்கோ, இம்பலன்ஸ் பக்கம் போகாது. கடைசியா பாங்க் மிச்சத்தோட ஒப்பிட்டுப் பாக்கிற றீகொன்சைலில பாங்கின்ர 86,450 ஐக் குடுத்து வித்தியாசம் பூச்சியமோ எண்டு பாருங்கோ.

பனங்கிழங்கு:
வட்டியை 360 எண்டு எழுதாதேங்கோ. 400 வருமானம், 40 வரி எண்டு பிரிச்சுப் போடுங்கோ. 2025 ஏப்ரல் 1 இல இருந்துதான் வட்டியில பாங்க் கழிக்கிற வரி 5 வீதத்தில இருந்து 10 வீதமானது. அம்மாவுக்கு வருசத்துக்கு 18 லட்சத்துக்கு மேல வருமானம் இல்லையெண்டா பாங்கில சுயபிரகடனப் படிவம் நிரப்பிக் குடுக்கலாம், பிறகு கழிக்காயினம். வயசான ஆக்கள் கனபேருக்கு இதை ஒருத்தரும் சொல்லுறேல்லை.

கோண்டாவில்_மகள்:
எல்லாருக்கும் கோடி நன்றி. இன்னொண்டு, அம்மான்ர சீட்டுக்கு மாதம் 5,000 கட்டுறம், அதைச் செலவு எண்டு போட்டிருக்கிறன். சரியோ?

பேரேடு:
பிழை. சீட்டு எடுக்கும்வரைக்கும் கட்டினது உங்களுக்கு வரவேண்டிய காசு, சொத்து. எடுத்த பிறகு கட்ட மிச்சமிருக்கிறது கடன். சீட்டு எடுக்கேக்க கழிவாப் போனதுதான் உண்மையான செலவு. சீட்டுக்கெண்டு தனிக் கணக்குத் திறவுங்கோ.

வடமராட்சி_அலை:
ஏட்டில சொத்துதான் ஐயா. எங்கட பக்கத்தில ஒரு சீட்டு முறிஞ்சு, பிடிச்ச ஆள் இரவோட இரவாப் போனதில என்ர மனுசி கட்டின பதினாலு மாதக் காசும் போச்சு. அண்டைக்கு அதைச் சொத்தெண்டு எழுதி வைச்சு என்ன செய்யிறது? கையை விட்டுப் போன காசு போனதுதான்.

பேரேடு:
அந்த நாளில அறவிடமுடியாக் கடன் எண்டு பதிஞ்சு விடுறது. அதுக்கு முதல் செலவெண்டு எழுதினால் வெளியில இருக்கிற பிள்ளையள் "அம்மாவுக்கு இவ்வளவு முடியுதோ" எண்டு கேப்பினம். அவையும் பனிக்குள்ள உழைச்சு அனுப்புறவை. உள்ளதை உள்ளபடி காட்டோணும். தங்கச்சி, முதல் நான் கொஞ்சம் கடுமையாக் கதைச்சிட்டன், மனசில வைக்காதேங்கோ.

சங்கானைத்தம்பி:
அக்கா, பழைய பிரதி கிடைச்சுதோ?

சங்கானைத்தம்பி:
அக்கா?

கோண்டாவில்_மகள்:
கிடைச்சுது தம்பி. 85,370 காட்டின பிரதியில இருந்து திரும்ப ஏத்தினன், வித்தியாசம் பூச்சியம். சீட்டையும் மாத்திட்டன். அண்ணா கோல் எடுத்தவர், மூண்டு மாதக் கணக்கையும் வாசிச்சுக் காட்டினன். அம்மாவும் பக்கத்தில இருந்து கேட்டவ. மருதடி அக்கா, டிசெம்பர் ஃபைல் வரேக்க திரும்பவும் வருவன்.