டிவி நிபுணர் ‘விற்றுவிடுங்கள்’ என்கிறார், எஸ்ஐபியை நிறுத்தலாமா?

பாலக்கோட்டுக்காரன்:
மகளின் கல்லூரிச் செலவுக்காக நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியைப் பின்பற்றும் நிதி) எஸ்ஐபியாக, அதாவது மாதத் தவணையாக, மூவாயிரம் ரூபாய் போட்டு வருகிறேன். தீபாவளிக்குள் சந்தை பலமாகச் சரியும், இப்போதே வெளியேறுங்கள் என்று டிவியில் ஒரு நிபுணர் சொல்கிறார். இன்னொரு சேனலில் வேறொருவர் புதிய உச்சம் வரும் என்கிறார். இருவருமே கோட்டு போட்டவர்கள்தான். என் மச்சான் முதலாமவர் பக்கம். யாரை நம்புவது?

ஓசூர்வாசி:
அவர் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். செபி இணையதளத்திலேயே பட்டியல் இருக்கிறது. டெலிகிராம் குழுவில் சேரச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ராயக்கோட்டைக் கணக்கர்:
ஓசூர் நண்பர் சொல்வது சரி. ஆனால் பதிவு எண் ஆள் போலியா என்பதைச் சொல்லும், தீபாவளிக்குச் சந்தை எங்கே நிற்கும் என்பதைச் சொல்லாது.

நான் தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் வியாபாரிகள் விடிவதற்குள் கோலாருக்கும் மதனப்பள்ளிக்கும் போன் போட்டு வரத்து விசாரித்துவிடுவார்கள். அங்கே வரத்துக் குறைவென்றால், இங்கே ஏலத்தில் முதல் பெட்டியே விலை ஏறித்தான் தொடங்கும். அதற்குப் பிறகு அந்தச் செய்தியை வைத்து யாரும் காசு பார்க்க முடியாது. நாளைய விலையை மாற்றப்போவது இரவு பெய்யும் மழையோ, வழியில் பழுதாகி நிற்கும் லாரியோ, யார் கண்டது? பங்குச் சந்தையும் இப்படித்தான். நிபுணருக்கு விஷயம் நிறையவே தெரியும். தெரிந்ததெல்லாம் ஏற்கெனவே விலையில் ஏறிவிட்டது.

2024 ஜூன் 3 நினைவிருக்கிறதா? தேர்தல் கருத்துக்கணிப்புகளை நம்பி, மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையில் 4,389 புள்ளி விழுந்தது. அன்று மாலை விளக்கங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் இர்விங் ஃபிஷர் லேசுப்பட்ட ஆள் அல்ல. பங்கு விலைகள் நிரந்தரமான உயரத்தை எட்டிவிட்டதாக 1929 அக்டோபரில் சொன்னார்; அந்த மாதமே சந்தை நொறுங்கியது. அவராவது தன் பேச்சைத் தானே நம்பிச் சொந்தச் சொத்தையும் இழந்தார். உங்கள் டிவிக்காரர் தன் பணத்தை எங்கே வைத்திருக்கிறாரோ!

அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதி வைத்துப் பாருங்கள். ‘இந்த நிலையை உடைத்தால் இறங்கும், தாங்கினால் ஏறும்’ என்பார். எது நடந்தாலும் அவர் சொன்னதாகிவிடும். நாங்கள் இப்படிக் கணக்கு எழுதினால் முதலாளி அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

பாலக்கோட்டுக்காரன்:
அப்படியானால் விழவே விழாது என்கிறீர்களா அண்ணா?

ராயக்கோட்டைக் கணக்கர்:
தாராளமாக விழும், எப்போது என்பதுதான் தெரியாது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610இல் முடிந்தது. பயந்து அன்றைக்கு விற்றவர்கள் உண்டு. அந்த ஆண்டு முடிவில் 13,900ஐத் தாண்டியிருந்தது. மகள் எந்த வகுப்பு?

பாலக்கோட்டுக்காரன்:
ஆறாம் வகுப்பு.

ராயக்கோட்டைக் கணக்கர்:
அப்படியானால் நிறுத்த வேண்டாம். பத்தாம் வகுப்பு முடிந்ததும், முதலாண்டுக் கட்டணத்துக்கு வேண்டியதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வங்கி வைப்பில் போடுங்கள். கட்டணம் கட்டும் மாதத்தில் சந்தை விழுந்து கிடந்தால் கல்லூரி காத்திருக்காது. மச்சானிடம் சண்டை போட வேண்டாம். அவர் பணம், அவர் விருப்பம்.