வளைவில் 1814 போடலாமா? சேமக்காலைக் கல் சொல்வது 14ஆ, 40ஆ?

பனங்காய்ப் பணியாரம்:
எங்கட ஊர் மெதடிஸ்த கோயிலுக்குப் புது வளைவு கட்டுகிறோம். கனடாவில் இருக்கிற ஊர்க்காரர் காசு அனுப்பியிருக்கிறார்கள். வளைவில் 'நிறுவியது 1814' என்று போடுவதாக முடிவு. ஆதாரம் கேட்பவர்களுக்கு: பின்னால் சேமக்காலையில் சாய்ந்து கிடக்கும் கல்லில் தமிழ் இலக்கத்தில் ௲௮௱௰௪ (ஆயிரம், எட்டு நூறு, பத்து, நாலு) என்று இருக்கிறது, அப்பப்பா காலத்திலிருந்து அப்படித்தான் வாசித்து வருகிறோம். சேமக்காலையின் மேற்குப் பக்கம் ஒரு கல்லறையும் இல்லாத வெறுங்காணி, அதை மட்டம் தட்டிச் சின்ன மண்டபம் போடலாம் என்றும் ஒரு யோசனை. போன கிழமை கூட்டத்தில் இரண்டு பேர் இதற்கு எழும்பிச் சண்டை பிடித்தார்கள். என்ன பிழை என்று எனக்கு விளங்கவில்லை.

முருகைக்கல்:
சண்டை பிடித்த இரண்டு பேரில் ஒருவன் நான்தான், தம்பி. வளைவைக் கட்டுங்கள், 1814 மட்டும் வேண்டாம். அந்த வருஷம் ஜூன் 29இல்தான் வெஸ்லியன் மிசனரிமார், அதாவது முதல் மெதடிஸ்த பாதிரிமார், காலியில் வந்து இறங்கினார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட தோமஸ் கோக் மே 3ஆம் திகதியே கப்பலில் இறந்துபோனார், கடலிலேயே அடக்கம், அந்த மனிதனுக்குச் சேமக்காலையே கிடையாது. வந்தவர்களில் மட்டக்களப்புக்குப் போன ஓல்ட் அடுத்த ஏப்ரல் 1இல் செத்துப்போனார். யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்கள் லிஞ்சும் ஸ்குவான்சும், இரண்டே பேர், அதுவும் பட்டணத்துக்கு. அவர்கள் பட்டணத்தில் தொடங்கிய பள்ளிக்கூடத்துக்கே, அதாவது இன்றைய மத்திய கல்லூரிக்கே, 1816 என்றுதான் வருஷம் சொல்கிறார்கள். பருத்தித்துறையில் ஹாட்லிக் கல்லூரிக்கு 1838. இந்தக் கணக்கில் வடமராட்சிக் குக்கிராமம் ஒன்றில் வந்த வருஷமே கோயிலும் கட்டி, ஆளையும் தாட்டு, கல்லும் வெட்டி நட்டார்கள் என்றால் யார் நம்புவது?

பனங்காய்ப் பணியாரம்:
அப்போ ஒல்லாந்தர் விட்டுப்போன கோயிலை இவர்கள் எடுத்திருக்கலாமே அண்ணை? சுவர் முழுக்க முருகைக்கல்லும் சுண்ணாம்பும்தானே.

முருகைக்கல்:
முருகைக்கல்லை வைத்து வயது சொல்ல வெளிக்கிட்டால் என்னுடைய அம்மம்மா வீட்டுக் கிணற்றுக்கட்டும் ஒல்லாந்தர் காலம்தான். சீமெந்து வரும்வரைக்கும் கடலோர ஊர்களில் அதுதானே கல். ஒல்லாந்தர் விட்ட கட்டடங்களில் தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் 1816இல் வந்த அமெரிக்க மிசன்காரரிடம் போய்விட்டன. அது வேறு கதை.

கீழைக்காற்று:
நான் சைவம், கோயிலுக்குப் பக்கத்து வளவு. கோயில் எப்போது வந்தது என்று கேட்பதை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் எப்போது வந்தது என்று கேளுங்கள். முதலில் ஓலைக் கொட்டில் ஒன்று போடுவார்கள், கிழமை நாளில் படிப்பு, ஞாயிறு அதே வாங்கில் ஆராதனை. எங்கட ஆட்களும் அங்கேதான் படித்தார்கள், வேதத்துக்காக இல்லை, இங்கிலீசுக்காக, உத்தியோகத்துக்காக. ஆறுமுக நாவலரே மெதடிஸ்த மிசன் பேர்சிவல் பாதிரியாரிடம் படித்து, அங்கேயே படிப்பித்து, பைபிள் மொழிபெயர்ப்புக்கும் கைகொடுத்துவிட்டுத்தானே வெளியே வந்து 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். ஆகவே 'நிறுவியது' என்று ஒரு வருஷம் போட்டால் அது எதை நிறுவிய வருஷம், கொட்டிலையா கோயிலையா?

வேலியோரம்:
நீங்கள் எல்லோரும் வருஷத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், எனக்கு அந்த 'வெறுங்காணி' என்ற சொல்தான் நெஞ்சில் குத்துகிறது. என்னுடைய ஆச்சியின் தாய் அந்த மேற்குப் பக்கத்தில்தான் கிடக்கிறா. ஆச்சி ஒவ்வொரு உயிர்ப்பு ஞாயிறும் விடிய முதல் எங்களைக் கூட்டிக்கொண்டு போய், மதில் இல்லாத காலம் அது, பூவரசு வேலியிலிருந்து பத்து அடி எண்ணி நின்று மெழுகுதிரி கொளுத்துவா. கல் இல்லை, அடி எண்ணிக்கைதான் அடையாளம். கல் ஏன் இல்லை என்று யோசித்தீர்களா? யாழ்ப்பாணத்து மண்ணில் கருங்கல் கிடையாது, வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். அதற்கு வக்கிருந்த குடும்பங்களின் பெயர் முன்வரிசையில் நிற்கிறது. மற்றவர்களுக்குப் பனஞ்சிலாகையில் சிலுவை, நாலு மாரிக்குள் கறையான் தின்றுவிடும். ஆச்சி இன்னொன்றும் சொல்வா, சத்தம் குறைத்து: முன்பக்கம் யாரைத் தாட்பது, வேலியோரம் யாரைத் தாட்பது என்பதைப் பாதிரியார் தீர்மானிக்கவில்லை, ஊர்தான் தீர்மானித்தது. என்ன சொல்கிறேன் என்று வடமராட்சிக்காரருக்கு விளங்கும். உயிரோடு இருந்தபோது பின்வாங்கில் இருந்தவர்களின் தலைக்கு மேல் இப்போது மண்டபம்.

பனங்காய்ப் பணியாரம்:
அக்கா, சத்தியமாகத் தெரியாது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மண்டபக் கதையை நிறுத்தச் சொல்லிக் கேட்கிறேன். ஆனால் கல்லில் இருப்பது 14தான், அதை விடமாட்டேன்.

முருகைக்கல்:
நேற்று இரவு போய்ப் பார்த்தேன். பகலில் அந்தக் கல்லை வாசிக்க முடியாது, பாசி பிடித்து எல்லாம் ஒரே சாம்பல். தண்ணீர் ஊற்றித் தென்னந்தும்பால் மெதுவாகத் தேய்த்துவிட்டு, டோர்ச்சை நேரே பிடிக்காமல் கல்லின் விளிம்போடு சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழலாக எழும்பி வரும். பெயர் போய்விட்டது. 'மனைவி' என்ற சொல்லில் பாதி இருக்கிறது, பழைய தும்பிக்கை ஐகாரத்தோடு. வருஷம்: ௲, ௮, ௱, பிறகு ௪, அதற்குப் பிறகு ௰. பத்துக்கு முன்னால் நாலு. தமிழ்க் கணக்கில் ௰௪ என்றால் பதினாலு, ௪௰ என்றால் நாற்பது. உங்கட அப்பப்பா கடைசி இரண்டையும் இடம் மாற்றி வாசித்துவிட்டார், பாவம். படம் கீழே போட்டிருக்கிறேன்.

கீழைக்காற்று:
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நாற்பதுதான். பேர்சிவல் காலத்தோடு ஒத்தும் போகிறது.

பனங்காய்ப் பணியாரம்:
சரி, 1840. ஆனால் தகரத்தில் இலக்கம் வெட்டியாயிற்று அண்ணை. சைபர் ஒன்று புதிதாக வெட்டச் சொல்கிறேன்.

முருகைக்கல்:
ஐயோ, அதுவும் வேண்டாம் தம்பி. 1840 யாரோ ஒருவரின் மனைவி செத்த வருஷம், கோயில் கட்டிய வருஷம் இல்லை. வளைவில் கோயில் பெயரை மட்டும் போடுங்கள்.

வேலியோரம்:
வருஷத்தை நீங்கள் பேசி முடியுங்கள். சனிக்கிழமை காலமை மேற்குப் பக்கத்தில் அடி எண்ணத் தெரிந்த கிழவிகள் மூன்று பேரைக் கூட்டி வருகிறேன், அவர்கள் காட்டுகிற இடங்களுக்கு அடையாளம் வைப்போம். கயிறும் நீற்றுச் சுண்ணாம்பும் என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் மண்வெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.