கடலில் இரவில் ஒளிரும் ஒற்றைச் செல் உயிரான நாக்டிலூகாவை நுண்ணோக்கியில் முதலில் பார்த்தபோது என்னவென்று எழுதினீர்கள்?

உப்புநீர்:
ஜெல்லிமீன் குஞ்சு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்றும் உறுத்துகிறது. குடுவையின் மேல்மட்டத்தில் ஊசிமுனை அளவு கண்ணாடி மணிகளாக மிதந்தன, வெறும் கண்ணுக்கே தெரிந்தன. லென்ஸில் வைத்தால், உருண்டையின் ஒரு மடிப்பிலிருந்து தடித்த கை ஒன்று மெல்ல வளைந்து நீண்டது. உள்ளே ஒரு நீள டயட்டம் (கண்ணாடி ஓடுள்ள நுண்பாசி) குறுக்கே மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் புடைத்து நின்றது. வாய் இருக்கிறது, கை இருக்கிறது, இது எப்படி ஒரே செல்லாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

கண்ணாடித்தகடு:
எனக்கு வேறு பிரச்சினை. டைனோபிளாஜெல்லேட், அதாவது சாட்டையிழைகளால் நீந்தும் ஒற்றைச் செல் உயிர்க் கூட்டம் என்றார்கள். இடுப்பைச் சுற்றும் பள்ளம் எங்கே, கவசத் தகடுகள் எங்கே என்று கேட்டுச் சண்டை போட்டேன். உட்கருவில்கூட அந்தக் கூட்டத்துக்கே உரிய சுருண்ட குரோமோசோம்கள் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் ஒரு செல்லின் மேல் மொட்டு மொட்டாகப் புடைத்திருந்தது. அவை பிரிந்து நீந்தின. இனச்செல்கள், அதாவது இனப்பெருக்கச் செல்கள்! பள்ளம் இருந்தது, குரோமோசோம்களும் இருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். இனச்செல்லைப் பார்க்காமல் யாரும் பெயர் எழுதக் கூடாது.

அலைநுரை:
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதற்கு இனச்செல் சாட்சி, சரி. இனத்தை அடையாளம் காண அந்தக் கையும் உருண்டையுமே போதும். உப்புநீர், நீங்கள் வருந்த வேண்டாம். 1810-ல் மெக்கார்ட்னி இதற்கு வைத்த பெயரே மெடூசா சிண்டில்லன்ஸ். ஜெல்லிமீன் என்றுதான் அவரும் நினைத்தார்.

நான் செய்த தவறு பதப்படுத்த ஃபார்மலின் ஊற்றியது. எல்லாம் சுருங்கிக் கசங்கிப்போயின. அதனால் சொல்கிறேன்: உயிரோடு பாருங்கள். மூடுகண்ணாடி வைத்து நசுக்காதீர்கள், குழி உள்ள தகடு எடுங்கள். குடுவையைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் உறிஞ்சுங்கள். உள்திரவத்தில் அம்மோனியம் அயனிகள் அதிகம், கடல்நீரைவிட லேசு, அதனால்தான் மேலே வந்து நிற்கிறது. விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகிய பிறகு குடுவையை ஒருமுறை தட்டுங்கள், ஒளிரும். அளவையும் குறியுங்கள், 0.2 முதல் 2 மில்லிமீட்டர் வரை வரும்.

பச்சைத்துளி:
எனக்குக் கிடைத்தது பச்சையாக இருந்தது, பாசி என்று எழுதினேன். உருப்பெருக்கத்தைக் கூட்டினால், பச்சை அதன் நிறமே இல்லை. முன்பு பெடினோமோனாஸ் என்றும் இப்போது புரோட்டோயூக்ளீனா என்றும் சொல்லப்படும் குட்டிப் பாசிகள், நூற்றுக்கணக்கில், அந்தப் பைக்குள்ளே நீந்திக்கொண்டிருந்தன. எழுதியதை அடிக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.