பார்வோன் குற்றவாளியா? பதில் சொல்ல உதவுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் பத்து வாதைகள், அதாவது இஸ்ரவேலரை அடிமைத்தனத்திலிருந்து விட மறுத்த எகிப்து ராஜா பார்வோனுக்குக் கர்த்தர் அனுப்பிய தண்டனைகள். பாதியிலேயே ஒரு பையன் எழுந்து, "கர்த்தரே அவன் இருதயத்தைக் கடினப்படுத்திவிட்டு அவனையே தண்டித்தால் எப்படி?" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்தேன்.

வீட்டுக்கு வந்து வேதத்தைப் புரட்டினேன். யாத்திராகமம் 8:15இல், தவளைகள் ஒழிந்ததும் பார்வோனே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான். 9:12இல்தான், கொப்புளங்களுக்குப் பிறகு, கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வருகிறது. அவன் முதலில் தேர்ந்தெடுத்தான், தேவன் அதில் அவனை விட்டுவிட்டார் என்று சொல்லலாமா? ஆனால் 4:21இல், மோசே எகிப்துக்குப் போகும் முன்பே அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன் என்று கர்த்தர் சொல்லிவிடுகிறாரே! பவுல் பார்வோனைப் பற்றி எழுதும் ரோமர் 9ஐயும் பார்த்தேன், குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

1524இல் எராஸ்மஸ் என்ற கிறிஸ்தவ அறிஞர் மனிதச் சித்தம் சுதந்திரமானது என்று எழுத, மறுவருடமே சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் அது அடிமைப்பட்டது என்று பதில் எழுதினார். பார்வோன் அங்கேயும் வருகிறான். அதையெல்லாம் பதின்மூன்று வயதுப் பையனிடம் எப்படிச் சொல்வது?

சிறுவர்களுக்கு இதை விளக்கிய அனுபவமுள்ளவர்கள், போதகர்கள், சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். "விசுவாசி, கேள்வி கேட்காதே" என்ற பதில் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.