சிகிச்சையாலேயே டெங்கு, சிக்குன்குனியா இரண்டும் அடங்கிவிடுகிறதே, மாடலில் எங்கே தப்பு?

காரைக்குடி_கணக்கு:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். டெங்குவும் சிக்குன்குனியாவும் ஒரே ஊரில் சேர்ந்து பரவினால் குறைந்த செலவில் எப்படி அடக்குவது என்று கணித மாடல் போட்டிருக்கிறேன். புழு ஒழிப்பு, கொசுவலை, சிகிச்சை என மூன்று கட்டுப்பாடுகள். சிகிச்சையை மட்டும் கூட்டினாலே இரண்டு ஆர்-நாட்டும் (ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும் என்ற எண்) ஒன்றுக்குக் கீழே போய்விடுகிறது, அதாவது நோய் தானே அடங்கிவிடுகிறது. நம்ப முடியவில்லை, புரோகிராமிலும் பிழை தெரியவில்லை.

பழைய_ஆய்வாளன்:
தம்பி, ஹெச்.ஐ.வி.-காசநோய் மாடலை எடுத்துத் திருத்தினீர்களா? காசநோய்க்கு மாத்திரை ஒழுங்காகப் போட்டால் பரப்புவது சீக்கிரமே குறையும், அதனால் அங்கே சிகிச்சையைக் குணமாகும் வீதத்தோடு கூட்டுவது நியாயம். டெங்கு, சிக்குன்குனியா இரண்டுக்கும் வைரஸைக் கொல்லும் மருந்தே கிடையாது, பாராசிட்டமாலும் நீர்ச்சத்தும்தான். ஆள் பிழைப்பார், ஆனால் காய்ச்சல் நாட்களில் கடிக்கிற கொசுவுக்கு அவர் விருந்துதான். டெங்குவில் அந்தச் சிகிச்சை எண்ணைக் குணமாகும் வீதத்தில் கூட்டாமல் இறப்பு வீதத்தில் கழியுங்கள். ராத்திரி கொசுவலை மலேரியாவுக்குச் சரி, இவற்றைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. இரண்டு நோய்க்கும் கொசு ஒன்றே என்பதால் அதன் எண்ணிக்கையைக் குறைத்தால் இரண்டு ஆர்-நாட்டும் சேர்ந்தே இறங்கும். கடைசிக் கொசுவரை கொல்ல வேண்டியதில்லை என்று கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் மலேரியாவுக்கு அன்றைக்கே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

பின்கட்டு:
எனக்கு சூத்திரமெல்லாம் தெரியாது. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். கொசு ஒழிப்புக்கு வந்த பெண் முற்றத்துக் கிடாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு நேரே பின்கட்டுக்குப் போய் ஆட்டுக்கல் குழியில் டார்ச் அடித்தார். உள்ளங்கை அளவு மழைத்தண்ணீர், அதில் புழு நெளிகிறது! தண்ணீரை இறைத்துவிட்டு தேங்காய் நாரால் ஓரத்தையும் தேய்த்தார். "ஒட்டின முட்டை காஞ்சாலும் மாசக்கணக்கா சாகாதுண்ணே" என்றார். பக்கத்தில் மூன்று வீடு பூட்டு. பங்காளிகள் சென்னை, சிங்கப்பூர், முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு வந்தால்தான் திறப்பார்கள். அந்த வீடுகளுக்கு உங்கள் கணக்கில் ஒழிப்பு எவ்வளவு?

காரைக்குடி_கணக்கு:
பூஜ்யம்தான் அண்ணே. ஊர் முழுக்க ஒரே எண் போட்டுவிட்டேன். திறந்த வீடு, பூட்டிய வீடு என்று பிரித்து, காய்ந்த முட்டைக்கும் தனிச் சமன்பாடு எழுதுகிறேன். ஆமாம், காசநோய் மாடல்தான்...

பழைய_ஆய்வாளன்:
பிரிக்கும்போது பறக்கும் தூரத்தையும் பாருங்கள். ஏடிஸ் பிறந்த இடத்தைவிட்டு அதிகம் போகாது, ஆனால் நம்மூர் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஒரு பூட்டிய வீட்டை இரண்டு தெருவுக்கும் கணக்கில் எடுக்கணும்.