ஹிரோஷிகே அச்சு: அசலா, மறுசெதுக்கலா? ஒப்பிட உதவுங்கள்

ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் 'ஓஹாஷி பாலத்தில் திடீர் மழை', எடோவின் (இன்றைய டோக்கியோ) நூறு காட்சிகள் தொடர். அசல் வெளியானது 1857இல்; மறுசெதுக்கல் என்பது அதே படத்தைப் பின்னாளில் புதுப் பலகையில் செதுக்கி அச்சிட்டது. கையில் உள்ள தாள் 33.8 x 22.2 செ.மீ.; நாலு பக்கமும் ஓரத்தை வெட்டிவிட்டார்கள். தொல்லையே அதுதான். இத்தொடரில் தணிக்கை முத்திரை, மாத முத்திரை, பதிப்பாளர் ஊவோயா எய்கிச்சியின் பெயர் எல்லாம் பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும்.

'ஹிரோஷிகே கா' (ஹிரோஷிகே வரைந்தது) என்ற கையொப்பம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அதுவும் பலகையில் செதுக்கி அச்சிட்டதுதான், மறுசெதுக்கலிலும் அப்படியே வந்துவிடும். அதை மட்டும் பார்த்து "அசல்" என்று சொல்லிவிட வேண்டாம்.

பார்த்தவரை: பத்து மடங்கு லென்ஸில் புள்ளிகள் இல்லை, ஆகவே ஆஃப்செட் (புள்ளிகளாக அச்சிடும் இயந்திர முறை) அல்ல. பின்பக்கம் சாயம் ஊறியிருக்கிறது, பாரன் (தாளைப் பலகைமேல் அழுத்தித் தேய்க்கும் வட்டக் கருவி) தேய்த்த வட்டத் தடமும் தெரிகிறது. மரப்பலகை அச்சு என்பதில் சந்தேகமில்லை. எந்தப் பலகை என்பதுதான் கேள்வி. மேலே கருமேகத்தின் சாய மங்கலை வைத்து முடிவு கட்ட முடியாது, அது கையால் துடைத்துத் துடைத்து வருவது, பிரதிக்குப் பிரதி மாறும்.

வெட்டாத பிரதியோ அருங்காட்சியகத்தின் பெரிய ஸ்கேனோ வைத்திருப்பவர்கள் மூன்று இடங்களை நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள்: மழைக்கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடம், படச்சட்டக் கோட்டின் உடைசல்கள், கையொப்பக் கட்டத்தின் மூலைகள். பக்கவாட்டு வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தால் நல்லது. மீஜி காலத்து (1868–1912) மறுசெதுக்கல்களைக் கையாண்டவர்கள் தாளின் தடிமன் பற்றியும் சொல்லுங்கள்.