பேசியவர் பட்டியல்: அழித்துவிட்டால் கணக்குத் தீர்ந்ததா?

தாழ்வாரம் | காலை 6.50

"தொடக்கப் பள்ளியில் ஒழுங்கு" என்ற இழையில் சிலேட்டுக்குச்சி ஐயா நேற்று எழுதிய ஒரு வரியைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால் தனி இழையாகவே தொடங்குகிறேன். ஆசிரியர் வெளியே போயிருக்கும்போது வகுப்புத் தலைவன் கரும்பலகை மூலையில் பேசியவர் பெயர்களை எழுதி வைப்பதுதான் ஒரு குழந்தை கற்கும் முதல் பொறுப்பு என்றும், அதனால் இன்றுவரை எந்தக் குழந்தையும் கெட்டுப்போனதில்லை என்றும் அவர் தீர்ப்பு வழங்கியிருந்தார்.

என் மகள் மூன்றாம் வகுப்பு. சென்ற வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்துப் பிள்ளையிடம் "ரப்பர் தா" என்று கேட்டாள். பெயர் பலகையில் ஏறிவிட்டது. "ரப்பர்தானே கேட்டேன்" என்றாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியும் ஏறிவிட்டது. ஆசிரியை திரும்பி வந்து திட்டவுமில்லை, என்னவென்று கேட்கவுமில்லை. ஆனால் அந்தப் பெயர் மாலை மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தது. சத்துணவுக்குத் தட்டோடு போன நான்காம் வகுப்புப் பிள்ளைகள்கூட சன்னல் வழியாக எட்டி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போனார்களாம். இதில் என் மகள் கற்ற பொறுப்பு எது என்று ஐயா விளக்கினால் தெரிந்துகொள்வேன்.

சிலேட்டுக்குச்சி | காலை 7.15

அம்மா, 34 ஆண்டுகள் தொடக்கப் பள்ளியில் பணியாற்றி, அதில் 16 ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செருப்பை வாசலில் சோடியாக விடுவது, வழிபாட்டுக்கு உயர வரிசையில் நிற்பது, தண்ணீர்ப் பானையில் டம்ளரை முக்காமல் அகப்பையால் மொண்டு குடிப்பது, சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது என்று ஒவ்வொன்றையும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பழக்கிக் காட்டிய கை இது. பேசியவர் பெயரை எழுதுவதும் அந்த வரிசையில் ஒன்றே.

நீங்கள் வசதியாக விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு. எழுதுவது பாதி வேலை. பிள்ளை அமைதியானவுடன் அழிப்பது மறுபாதி. என் பள்ளியில் மாலைவரை அழிக்கப்படாமல் நின்ற பெயர் ஒன்றுகூட இல்லை. உங்கள் மகளின் பெயர் அழிக்கப்படவில்லை என்றால் அது அந்த வகுப்பின் குறையே அன்றி முறையின் குறையன்று.

பழைய லீடர் | காலை 7.40

நான்காம் வகுப்பில் ஓராண்டு முழுவதும் லீடராக இருந்தவன் என்ற முறையில் ஒரு வாக்குமூலம் தருகிறேன். ஐயா சொல்வதுபோல நானும் பெயர்களை அழித்தேன். ஒரு தேன் மிட்டாய்க்கு ஒரு பெயர் அழியும். பெருக்கல் குறி இருந்தால் இரண்டு மிட்டாய் ஆகும். கோலிக்குண்டில் என்னைத் தோற்கடித்தவன் பெயர், அவன் வாயே திறக்காத நாளிலும் முதலில் ஏறும், எத்தனை மிட்டாய் கொடுத்தாலும் இறங்காது. எட்டு வயதில் எனக்குக் கிடைத்த பொறுப்புணர்ச்சி அவ்வளவுதான். அழிக்கலாம் என்ற அதிகாரம்தானே ஐயா அங்கே விலை போனது?

சிலேட்டுக்குச்சி | காலை 8.05

உங்களை ஓராண்டு முழுவதும் லீடராக விட்டுவைத்தவர் செய்த பிழைக்கு நான் பொறுப்பாக முடியாது. என் பள்ளியில் தலைவர் வாரம் ஒருவர். ஒரு வாரம் ஆண் பிள்ளை, மறுவாரம் பெண் பிள்ளை. இன்று எழுதுகிறவன் அடுத்த வாரம் எழுதப்படுவான் என்று தெரிந்தால் மிட்டாய் வாணிகம் நடக்காது.

இது ஏதோ நான் கண்டுபிடித்த முறை என்றும் நினைக்க வேண்டா. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவன் இளையவனுக்குப் பாடம் சொல்வான், ஒழுங்கையும் பார்த்துக்கொள்வான். எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்து, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்து, அந்த முறையை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அதற்குச் "சென்னை முறை" என்றே பெயர். இங்கிலாந்து நம்மிடம் கற்றுக்கொண்டதை நாம் வாட்ஸ்அப் குழுவில் உட்கார்ந்து இழிவுபடுத்துகிறோம்.

தாழ்வாரம் | காலை 8.20

எழும்பூரில் ஏறி இலண்டனில் இறங்கிவிட்டீர்கள். என் மகளின் பெயர் மட்டும் இன்னும் பலகையிலேயே இருக்கிறது. சட்டாம்பிள்ளை பாடம் சொல்லிக் கொடுத்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வகுப்புத் தலைவி பாடம் சொல்லித் தரவில்லை, வேவு பார்க்கிறாள். அவளும் எட்டு வயதுக் குழந்தை என்பதால் அவள் மீது எனக்குக் கோபமில்லை. அந்த நேரத்தில் அவள் போட வேண்டிய கணக்கும் போடப்படாமலே கிடந்ததாம்.

கணக்கப்பிள்ளை | காலை 8.32

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். விதி, வழக்கம், பொறுப்பு, தண்டனை ஆகிய நான்கும் வேறு வேறானவை. பெயர் எழுதுவதை இந்த நான்கில் எதில் சேர்க்கிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொண்டால் பேச்சு எளிதாகுமே. மேலும் "லீடர்" என்று எழுதுவதைத் தவிர்த்து "மாணவர் தலைவர்" என்று எழுதலாம்.

பழைய லீடர் | காலை 8.35

என் பெயரையே மாற்றச் சொல்லும் கணக்கப்பிள்ளைக்கு ஒரு பெருக்கல் குறி.

ஈராசிரியர் | காலை 8.50

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன். நான் பணியாற்றுவது ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அந்த இருவரும் ஐந்து வகுப்புகளைப் பங்கிட வேண்டும் என்பது பள்ளிக்குள் வந்தால்தான் தெரியும். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்தும் என் தலையில். முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம், அதற்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கற்றல் நிலைகள். அடுத்த அறையில் நான்கும் ஐந்தும். வருகையைச் செயலியில் பதிவேற்றுவதற்குச் சிக்னல் தேடி நான் வேப்பமரத்தடிக்குப் போகும் பத்து நிமிடத்தில் வகுப்பு தானாக நடக்க வேண்டும்.

ஆனாலும் நான் பெயர் எழுதச் சொல்வதில்லை. சுவரில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டு அதில் வேலைகளை எழுதியிருக்கிறோம்: குழாயை மூடுவது, செருப்பை ஒழுங்குபடுத்துவது, பயிற்சி நூல்களை அடுக்குவது, மின்விசிறியை நிறுத்துவது. துணி மாட்டும் கிளிப் ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் உண்டு. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளே கிளிப்பை மாற்றி மாட்டுவார்கள். குழாய்ப் பொறுப்புக்கு அடிதடியே நடக்கிறது. நான் வெளியே போனால் பேசத்தான் செய்கிறார்கள். பேசிக்கொண்டே வேலையும் செய்கிறார்கள்.

சிலேட்டுக்குச்சி | காலை 9.10

கிளிப்பில் எழுதியிருப்பதும் பெயர்தானே, தம்பி? நாங்கள் சுண்ணக்கட்டியால் எழுதினோம், ஒரு நொடியில் அழித்தோம். உங்கள் கிளிப்பில் உள்ள பெயர் அழிகிறதா?

ஈராசிரியர் | காலை 9.12

ஐயா, அது வேலை செய்கிறவர் பெயர், குற்றவாளியின் பெயரன்று. வழிபாட்டு மணி அடித்துவிட்டது. மாலையில் வருகிறேன்.

தாழ்வாரம் | காலை 10.30

ஐயா சட்டத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். ஈராசிரியர் சொன்ன அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, எந்தக் குழந்தையையும் உடல் தண்டனைக்கோ மனத் துன்புறுத்தலுக்கோ உள்ளாக்கக் கூடாது என்கிறது. மீறினால் துறை நடவடிக்கை உண்டு என்றும் சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் இதை எழுப்பத்தான் போகிறேன்.

சிலேட்டுக்குச்சி | காலை 10.55

எழுப்புங்கள். அழிக்கப்பட்ட பெயர் யாரை எப்படித் துன்புறுத்தும் என்று அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். பிரம்பு போயிற்று, முட்டி போடுவது போயிற்று, காதைத் திருகுவது போயிற்று. போனவை போகட்டும், அவற்றுக்காக நான் அழவில்லை. மிச்சம் இருப்பது பலகை மூலையில் இரண்டு அங்குல இடம். அதையும் சட்டம் போட்டுப் பறித்துவிட்டு, பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று ஆசிரியரிடமே வந்து முறையிடுவீர்கள்.

'ப' வடிவ இருக்கை பற்றிய இழையிலும் இதே அம்மையார்தான் என்னைக் "கடைசி வரிசைக் காலத்து மனிதர்" என்று எழுதினார். 2025 ஜூலையில் வகுப்பறை இருக்கைகளை 'ப' வடிவில் போடச் சொல்லி அரசின் சுற்றறிக்கை வந்தபோது, பக்கவாட்டில் உட்காரும் பிள்ளை நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பிப் பலகையைப் பார்க்க வேண்டுமே என்று நான் முதலில் சொன்னேன். பிறகு மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். அதற்கு இன்றுவரை ஒரு வருத்தம் தெரிவிக்கப்படவில்லை.

தாழ்வாரம் | காலை 11.05

கழுத்தைத் திருப்பினால்தானே ஐயா பலகை மூலையில் தம் பெயர் இருப்பது தெரியும்? வருத்தம் தெரிவிக்க எனக்கு எதுவுமில்லை. அதே இழையில் நீங்கள் என்னை "வாட்ஸ்அப் கல்வியாளர்" என்றீர்கள், இன்று இங்கேயும் அதையே வேறு சொற்களில் சொல்லியிருக்கிறீர்கள்.

பழைய லீடர் | முற்பகல் 11.40

இவ்வளவு ஒழுங்கைப் பற்றிப் பேசுகிறோம். ஐயாவின் பள்ளியில் வகுப்பைப் பெருக்கியது யார் என்று மட்டும் தெரிந்துகொள்ளலாமா? எங்கள் பள்ளியில் பெயர் எழுதுவதற்கு எப்போதும் பையன்கள், துடைப்பம் எடுப்பதற்கு எப்போதும் பெண் பிள்ளைகள்.

சிலேட்டுக்குச்சி | நண்பகல் 12.10

முறை வைத்து எல்லாரும் பெருக்கினார்கள். ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள்தாம் வகுப்பறையைத் துடைக்கிறார்கள். மதிய உணவைப் பரிமாறுவதும் அவர்களே. அதைக் காணொளியில் பார்த்தால் கைதட்டுவீர்கள். இங்கே ஒரு பிள்ளை துடைப்பத்தைத் தொட்டால் புகார் எழுதுவீர்கள்.

பழைய லீடர் | நண்பகல் 12.25

ஜப்பானில் ஒரு பிள்ளை எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று பார்த்துத் துடைப்பத்தைக் கொடுப்பதில்லை, ஐயா. கழிப்பறையைக் கழுவ எந்தப் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்ற செய்தி இங்கே நாளிதழில் வராத ஆண்டு இல்லை. சாதி வெறியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வெட்டிய நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் மாணவரை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னதும், கையில் வண்ணக் கயிறு கூடாது என்றதும் எதற்காக? வகுப்பில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்ற கேள்வி அவ்வளவு எளிதன்று. உங்கள் முறைப் பட்டியல் எழுத்தில் இருந்ததா?

சிலேட்டுக்குச்சி | நண்பகல் 12.50

எழுத்தில் இருந்தது. கரும்பலகையில் இருந்தது. அன்றன்று அழிக்கப்பட்டது.

என் பணிக்காலத்தில் ஒரு பிள்ளையையும் பிறப்பைப் பார்த்து வேலை வாங்கியதில்லை. முகம் தெரியாத ஒருவர் மிட்டாய் தின்ற கதையோடு வந்து என்னிடம் கணக்குக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை வெளிப்படையாகவே சொல்கிறேன். பேச வேண்டியது பெயரைப் பற்றி. பெயர் அழிக்கப்பட்டது. அழிக்கப்பட்டதை மீண்டும் மீண்டும் எழுதுவது நீங்கள்தாம்.

கணக்கப்பிள்ளை | பிற்பகல் 1.15

நான் காலையில் கேட்ட வரையறை இன்னும் வரவில்லை. பொறுப்பு என்றால்

கணக்கப்பிள்ளை | பிற்பகல் 1.16

தவறிப் பாதியில் அனுப்பிவிட்டேன். போகட்டும்.

ஈராசிரியர் | மாலை 4.45

இன்று பள்ளி விட்ட பிறகு ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். பலகை மூலையில் என் பெயரைச் சற்று அழுத்தி எழுதி, வழக்கமான டஸ்டரால் இரண்டு முறை அழித்தேன். மூன்றடி தள்ளி நின்று பார்த்தாலும் எழுத்தின் தடம் வெள்ளையாகத் தெரிகிறது, படிக்கவும் முடிகிறது. பலகைக்குப் புதுப் பூச்சு அடித்து நாளாகிவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஐயா சொன்ன "ஒரு நொடி"யில் அது போகவில்லை.

தாழ்வாரம் | மாலை 4.52

இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்.

சிலேட்டுக்குச்சி | மாலை 5.20

காலையிலிருந்து நீங்கள் தடத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மேலே போய்ப் படித்துப் பார்க்கலாம். டஸ்டரை மாதம் ஒருமுறையாவது வெளியே கொண்டுபோய்த் தட்ட வேண்டும். தூசி அடைந்த டஸ்டரால் அழித்தால் தடம் இருக்கத்தான் செய்யும். எங்கள் பள்ளியில் டஸ்டர் தட்டுவதற்கென்றே ஒரு பிள்ளை இருந்தான். தவிரவும், தலைவன் பெயரை ஈரத்துணியால்தான் துடைப்பான்.

பழைய லீடர் | மாலை 5.31

ஈரத்துணி எப்போது வந்தது? காலை 7.15க்கு எழுதியதில் ஈரத்துணி இல்லையே.

ஈராசிரியர் | மாலை 5.40

ஈரத்துணியால் துடைத்த இடத்தில் அது காயும்வரை சுண்ணக்கட்டி பிடிக்காதே ஐயா. அடுத்த பாடவேளைக்கு நீங்கள் எங்கே எழுதினீர்கள்?

சிலேட்டுக்குச்சி | மாலை 5.58

மூலையில்தானே துடைக்கிறோம், பாடத்தை நடுவில் எழுதலாம். 34 ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். பெயர் அழிக்கப்பட்டது.